பாதுகாப்பு விசா மறுக்கப்பட்டபின் நீதிமன்ற அனுமதி கோருதல்: ஆஸ்திரேலியாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவில் அகதிப் பாதுகாப்பு விசாவுக்கு விண்ணப்பித்து, உள்துறைத் திணைக்களத்திலும் அதன்பின் மீளாய்விலும் மறுக்கப்பட்டு, இப்போது நீதிமன்ற வாசலில் நிற்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. நம்மவர்கள் இந்தக் கட்டம் முழுவதையும் ‘அப்பீல்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு காலக்கெடுவும் வெவ்வேறு அளவுகோலும் கொண்ட பல மனுக்கள் அடங்கியிருக்கின்றன என்பது தெரியாமலே பலர் வழக்கை இழந்துவிடுகிறார்கள். இங்கே தரப்படுவது பொதுவான விளக்கம். உங்கள் கோப்பை முழுவதும் படித்த ஒரு வழக்கறிஞரின் ஆலோசனைக்கு இது ஈடாகாது.

விசா மறுக்கப்பட்டபின் வழக்கு எந்தெந்தப் படிகளில் செல்கிறது?

திணைக்கள அதிகாரி மறுத்த முடிவை முதலில் மீளாய்வுத் தீர்ப்பாயம் பார்க்கிறது. 2015 ஜூலை முதல் இந்தப் பணியைச் செய்துவந்த ஏ.ஏ.டி. தீர்ப்பாயத்தின் இடத்தில், 2024 அக்டோபர் 14 முதல் ஏ.ஆர்.டி. எனப்படும் நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயம் இயங்குகிறது. 2012 ஆகஸ்ட் 13க்கும் 2014 ஜனவரி 1க்கும் இடையில் படகில் வந்தவர்களின் வழக்குகள் ‘ஃபாஸ்ட் டிராக்’ என்ற தனி முறையில், பெரும்பாலும் நேர்முக விசாரணையே இல்லாமல், ஐ.ஏ.ஏ. என்ற அமைப்பினால் பார்க்கப்பட்டன. ஈழத்தமிழர் பலர் இந்த முறைக்குள் அகப்பட்டவர்கள். அந்த அமைப்பும் 2024 அக்டோபர் 14 அன்றே இல்லாமலானது. எனினும் அது எழுதிவைத்த மறுப்பு முடிவுகள் இன்றும் நீதிமன்றங்களில் விசாரிக்கப்பட்டு வருகின்றன.

தீர்ப்பாயமும் மறுத்தால் அடுத்த படி, பெடரல் சர்க்கிட் மற்றும் குடும்ப நீதிமன்றத்தின் இரண்டாம் பிரிவு. இங்கே சுருக்கமாகச் சர்க்கிட் நீதிமன்றம் என்று குறிப்பிடுகிறேன். அதற்கு மேலே பெடரல் நீதிமன்றம். எல்லாவற்றுக்கும் மேலே கன்பராவிலுள்ள ஹைகோர்ட். இந்தியாவில் ஹைகோர்ட்டுக்கு மேலே உச்ச நீதிமன்றம் இருப்பதுபோல ஆஸ்திரேலியாவில் வேறொன்று இல்லை.

நான் அகதியா இல்லையா என்பதை நீதிபதி தீர்மானிப்பாரா?

மாட்டார். தீர்ப்பாயம் எடுத்த முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்பதை மட்டுமே நீதிமன்றம் ஆராயும். உங்கள் கதை உண்மையா, திரும்பிப் போனால் உங்களுக்கு ஆபத்து நேருமா என்ற கேள்விகள் நீதிபதியின் அதிகாரத்துக்கு வெளியே உள்ளவை. வவுனியாவில் நடந்ததையும் தடுப்பு முகாமில் பட்டதையும் சொல்லி அழுதுவிட்டு, “நீதிபதி பொறுமையாகக் கேட்டார், நிச்சயம் வெல்லும்” என்று நம்பிக்கையோடு வெளியே வந்து, சில வாரங்களில் தள்ளுபடித் தீர்ப்பைக் கையில் வாங்கியவர்கள் பலர். நீதிபதி பொறுமையாகக் கேட்டது உண்மைதான். ஆனால் அவர் தேடியது தீர்ப்பாயத்தின் தீர்ப்பில் உள்ள சட்டப் பிழையை.

‘அனுமதி’ என்று எதைச் சொல்கிறார்கள்? எனக்கு எது தேவை?

இது உங்களுக்கு எதிராக வந்தது எந்த வகையான உத்தரவு என்பதைப் பொறுத்தது. காலக்கெடு தவறிவிட்டால் தேவைப்படுவது கால நீட்டிப்பு. சர்க்கிட் நீதிமன்றம் உங்கள் வழக்கை முழுமையாக விசாரிக்காமல், வாதாடத்தக்க விடயம் எதுவும் இல்லை என்று சுருக்கமாகத் தள்ளியிருந்தால், அது இடைக்கால உத்தரவு எனப்படும். அதற்கு எதிராக மேன்முறையீடு செய்ய 1976ஆம் ஆண்டின் பெடரல் நீதிமன்றச் சட்டத்தின் 24(1A) பிரிவின் கீழ் முன் அனுமதி பெற வேண்டும். முழு விசாரணைக்குப் பின் வந்த இறுதித் தீர்ப்பு என்றால் அனுமதி தேவையில்லை. உரிய காலத்துக்குள் மேன்முறையீட்டை நேரடியாகத் தாக்கல் செய்யலாம். கீழ்நீதிமன்றத்தில் சொல்லாத புதிய காரணத்தை மேலே சொல்ல வேண்டுமானால் அதற்கு வேறோர் அனுமதி வேண்டும். ஹைகோர்ட்டுக்குப் போவதற்குச் சிறப்பு அனுமதி வேண்டும்.

என் உத்தரவு எந்த வகை என்று எப்படி அறிவது?

தீர்ப்பின் நீண்ட காரணவுரையைப் படிக்கும் முன், அதன் முன்பகுதியில் ‘உத்தரவுகள்’ என்ற தலைப்பின் கீழ் எண்ணிட்டு எழுதப்பட்டிருக்கும் நான்கைந்து வரிகளைப் பாருங்கள். விண்ணப்பம் எந்த விதியின் கீழ் தள்ளுபடி செய்யப்படுகிறது என்பது பெரும்பாலும் அங்கேயே இருக்கும். வெறுமனே விண்ணப்பம் தள்ளுபடி என்று இருந்தால், விசாரணை எந்த முறையில் நடந்தது என்பதைக் காரணவுரையிலிருந்து அறிய வேண்டும். அதே பக்கத்தில் உத்தரவு பிறப்பிக்கப்பட்ட திகதியும் இருக்கும். அந்தத் திகதியை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. இனி வரும் எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

இறுதித் தீர்ப்பு மார்ச் 3 அன்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். பெடரல் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய 28 நாட்கள். ஆகவே மார்ச் 31 கடைசி நாள். அதே நாளில் வந்தது இடைக்கால உத்தரவு என்றால் அனுமதி மனுவுக்கு 14 நாட்களே உள்ளன. மார்ச் 17 உடன் முடிந்துவிடும். ‘எனக்கு 28 நாள் இருக்கிறது’ என்று நினைத்து இருபதாவது நாளில் வழக்கறிஞரைத் தேடுபவர், தனக்குத் தெரியாமலே காலம் கடந்தவராகிவிடுகிறார். அதன்பின் அவர் கால நீட்டிப்பு, மேன்முறையீட்டு அனுமதி ஆகிய இரண்டையும் கேட்க வேண்டியிருக்கும்.

தீர்ப்பாயத்தின் மறுப்பு வந்து 35 நாட்கள் கடந்துவிட்டன. சர்க்கிட் நீதிமன்றத்துக்குப் போக முடியுமா?

1958ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், 477ஆம் பிரிவில், சர்க்கிட் நீதிமன்றத்தை அணுக 35 நாட்கள் தருகிறது. அந்த நாட்கள் மறுப்பு உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. முடிவு எடுக்கப்பட்ட நாளிலிருந்தே எண்ணப்படுகின்றன. காலம் கடந்திருந்தாலும், நீதி நிருவாகத்தின் நலனுக்காக நீட்டிப்பு அவசியம் என்று நீதிமன்றம் நிறைவுகொண்டால் நீட்டிப்பு வழங்கலாம். ஆனால் நீங்கள் அதை எழுத்தில் கேட்க வேண்டும். ஏன் அது அவசியம் என்று நீங்கள் கருதுகிறீர்கள் என்பதையும் எழுத்திலேயே குறிப்பிட வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் அதற்கான இடத்தை வெறுமையாக விடுவது பெரும் பிழை.

தாமதத்தை விளக்கும் சத்தியக் கடதாசியில் என்ன எழுத வேண்டும்?

நீட்டிப்பு மனுக்களில் நீதிமன்றங்கள் வழக்கமாகக் கவனிப்பவை தாமதத்தின் நீளம், அதற்கான விளக்கம், நீட்டிப்பினால் எதிர்த்தரப்பாகிய அமைச்சர் தரப்புக்கு ஏற்படக்கூடிய பாதிப்பு, வழக்கில் உள்ள சாரம் (அதாவது வெல்லக்கூடிய வலிமை) ஆகியவை. அமைச்சர் தரப்புக்குப் பாதிப்பு இல்லை என்பது மட்டுமே நீட்டிப்பைப் பெற்றுத்தராது. விளக்கமும் சாரமும் சேர்ந்தே மனுவைத் தாங்குகின்றன.

‘எனக்குச் சட்டம் தெரியாது, ஆங்கிலம் தெரியாது, மன உளைச்சலில் இருந்தேன்’ என்ற மூன்று தொடர்களோடு முடிந்துவிடும் சத்தியக் கடதாசிகளை மிக அதிகமாகப் பார்க்கிறோம். அவை பொய்யல்ல, ஆனால் அவற்றை வைத்து நீதிபதி எதையும் செய்ய முடியாது. தாமதத்தின் காலம் முழுவதற்கும் கணக்குச் சொல்லுங்கள். முடிவு எந்த நாளில் யாருடைய மின்னஞ்சலுக்கு வந்தது, முகவர் அதை எந்த நாளில் உங்களுக்குச் சொன்னார், வீடு மாறியது எப்போது, இலவசச் சட்ட உதவி நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தது எந்த வாரம், அவர்கள் சந்திப்புக்கு எந்த நாளைத் தந்தார்கள், பணம் திரட்ட எத்தனை நாட்கள் எடுத்தன என்பவற்றை வரிசையாக எழுதுங்கள். மின்னஞ்சலின் படியையும் அழைப்புப் பட்டியலின் படியையும் இணையுங்கள். நோயைக் காரணம் காட்டினால், மருத்துவரின் கடிதம் அந்தக் குறிப்பிட்ட வாரங்களில் உங்களால் ஏன் செயல்பட முடியவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ‘இவர் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுகிறார்’ என்ற ஒரு வரி போதாது. தவறு உங்களுடையதே என்றால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். குறுக்கு விசாரணையில் உடைந்துபோகும் விளக்கத்தைவிட, பலவீனமான ஆனால் உண்மையான விளக்கம் மேலானது.

பெடரல் நீதிமன்றத்தில் மேன்முறையீட்டுக்கான நீட்டிப்பைக் கேட்கும்போது இந்தச் சத்தியக் கடதாசியோடு கீழ்நீதிமன்றத்தின் உத்தரவையும் காரணவுரையையும், நீங்கள் தாக்கல் செய்ய விரும்பும் மேன்முறையீட்டின் வரைவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவான் அல்லது வழக்கறிஞர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர் என்றால், அதன் உள்ளடக்கம் தமிழில் வாசித்துச் சொல்லப்பட்டது என்ற குறிப்பும் அதில் இடம்பெற வேண்டும்.

சர்க்கிட் நீதிமன்றம் நீட்டிப்பையே மறுத்துவிட்டது. அதற்கு எதிராக மேன்முறையீடு உண்டா?

இல்லை. குடிவரவுச் சட்டத்தின் 476A(3) பிரிவு அதைத் தடுக்கிறது. அனுமதி கேட்டும் பயனில்லை, ஏனெனில் அங்கே கேட்பதற்கு மேன்முறையீடே இல்லை. எஞ்சியிருப்பது, நீட்டிப்பை மறுத்த நீதிபதியே தன் அதிகார வரம்பைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று, 1903ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தின் 39B பிரிவின் கீழ், பெடரல் நீதிமன்றத்தில் தனி வழக்குத் தொடுப்பது மட்டுமே. இது மிகக் குறுகிய பாதை. நீதிபதியின் முடிவோடு உங்களுக்கு உடன்பாடில்லை என்பது இங்கே எடுபடாது. நீட்டிப்பு மனுவை விசாரிக்கும் நீதிபதி வழக்கின் சாரத்தை மேலோட்டமாக மட்டுமே பார்க்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, தேவையானால் ஆழமாகவும் பார்க்கலாம் என்று, சட்டத்தின் இணையான ஒரு பிரிவு தொடர்பாக, துவுதா கடோவா வழக்கில் 2022 ஆகஸ்டில் ஹைகோர்ட் சொல்லிவிட்டதால் இந்தப் பாதை மேலும் சுருங்கியது. ஆகவே நீட்டிப்பு விசாரணையை ஒரு முன்னோட்டமாக எண்ண வேண்டாம். முழு வழக்குக்குச் செய்யும் தயாரிப்பை அதற்கே செய்யுங்கள்.

மேன்முறையீட்டு அனுமதி மனுவில் நீதிமன்றம் எதைப் பார்க்கும்?

கீழ்நீதிமன்றத்தின் முடிவு, மறுபரிசீலனைக்கு உரிய அளவு ஐயத்துக்கு இடமளிக்கிறதா என்பது ஒன்று. அது தவறு என்றே வைத்துக்கொண்டால், அனுமதி மறுப்பதால் கணிசமான அநீதி நேருமா என்பது மற்றொன்று. 1991இல் டெகோர் நிறுவன வழக்கில் வகுக்கப்பட்ட அளவுகோல் இது. பிளாஸ்டிக் பாத்திர வணிகத்தில் எழுந்த ஒரு வழக்கின் வரையறை, உயிருக்கு அஞ்சி வந்தவர்களின் வழக்குகளில் நாள்தோறும் மேற்கோள் காட்டப்படுகிறது. பாதுகாப்பு விசா வழக்கில் அநீதியைக் காட்டுவது பெரும்பாலும் கடினமல்ல. கடினமெல்லாம் முதல் அம்சத்தில்தான் இருக்கிறது.

அப்படியானால் சட்டப் பிழை என்பது எப்படி இருக்கும்?

நீங்கள் தெளிவாக முன்வைத்த ஓர் அச்சத்தைத் தீர்ப்பாயம் ஆராயாமலே விட்டிருக்கலாம். உங்களுக்கு எதிரான தகவலை உங்களிடம் காட்டிப் பதில் கேட்காமல் அதன் மீது முடிவெடுத்திருக்கலாம். எந்த நியாயமான மனிதரும் வந்தடைய முடியாத ஒரு முடிவுக்குத் தர்க்கமில்லாமல் வந்திருக்கலாம். சட்டத்தின் சொல்லைத் தவறான பொருளில் எடுத்திருக்கலாம். ‘தீர்ப்பாயம் என்னை நம்பவில்லை’ என்பது இவற்றில் எதுவும் அல்ல.

மொழிபெயர்ப்புப் பிழையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழில் அது எளிதில் நேர்கிறது. திணைக்கள நேர்காணலில் ஒருவர் “அண்ணாவை ஆமி கொண்டுபோனவை” என்கிறார். மொழிபெயர்ப்பாளர் அதைப் ‘பிரதர்’ என்று சொல்கிறார். அவர் குறிப்பிட்டது பெரியப்பாவின் மகனை. விண்ணப்பப் படிவத்தில் உடன்பிறந்த ஆண் எவரும் இல்லை என்று இருப்பதால், இவர் கதையை இட்டுக்கட்டுகிறார் என்று தீர்ப்பாயம் எழுதிவிடுகிறது. இத்தகைய பிழையை நீதிமன்றத்தில் வாயால் சொன்னால் போதாது. விசாரணையின் ஒலிப்பதிவைக் கேட்டுப் பெற்று, ‘நாட்டி’ (NAATI) எனப்படும் மொழிபெயர்ப்பாளர் அங்கீகார அமைப்பின் சான்று பெற்ற ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு அந்தப் பகுதியை எழுத்தில் வடித்து, அவருடைய சத்தியக் கடதாசியோடு தாக்கல் செய்ய வேண்டும். அதன்பிறகும், அந்தப் பிழை இல்லாதிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்க யதார்த்தமான வாய்ப்பு உண்டு என்பதைக் காட்ட வேண்டும். 2024 ஏப்ரலில் எல்.பி.டி.டி. (மனுதாரரின் பெயரை மறைக்க இடும் குறியீடு) வழக்கில் ஹைகோர்ட் விளக்கிய இந்தத் தேவை எட்ட முடியாத உயரத்தில் இல்லை; முடிவு நிச்சயமாக மாறியிருக்கும் என்று நிரூபிக்கும்படி யாரும் கேட்பதில்லை.

தமிழர் வழக்குகளிலிருந்தே இரண்டு எடுத்துக்காட்டுகள் தரலாம். ஏ.பி.டி.17 வழக்கில், ஓர் ஈழத்தமிழர் நேரில் சொன்னவற்றைக் கேட்ட திணைக்கள அதிகாரி அவற்றைப் பெருமளவு ஏற்றுக்கொண்டிருந்தார், ஐ.ஏ.ஏ.யோ அவரை நேரில் காணாமல், ஒலிப்பதிவை மட்டும் கேட்டு நம்ப மறுத்தது. அவரை அழைத்துப் பார்க்காமல் அப்படிச் செய்தது சட்டப்படி நியாயமற்றது என்று 2020 அக்டோபரில் ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. கீழ்நீதிமன்றங்களில் தோற்று, சிறப்பு அனுமதி பெற்று வென்ற வழக்கு அது. மாறாக, எஸ்.இசட்.டி.ஏ.எல். வழக்கில், இலங்கையிலிருந்து சட்டவிரோதமாக வெளியேறியதற்காகத் திரும்பியவுடன் சிறையில் அடைக்கப்பட்டு மோசமான நிலைமைகளை அனுபவிக்க நேரும் என்ற வாதம், அந்தத் துன்பம் வேண்டுமென்றே இழைக்கப்படுவதல்ல என்ற காரணத்தால் 2017 செப்டம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பில் தோற்றது. சட்டவிரோத வெளியேற்றத்தை மட்டும் நம்பி மனு எழுதுபவர்கள் இந்தத் தீர்ப்பை மனதில் கொள்ள வேண்டும்.

புதிய ஆதாரங்களைக் கொடுக்கலாமா?

தீர்ப்பாயத்தில் பிழை நடந்தது என்பதைக் காட்டும் சான்றுகளை மட்டும் கொடுக்கலாம். அண்மையில் ஊரில் வீட்டுக்குப் பொலிஸ் வந்து விசாரித்தது, புதிய பிடியாணை, தம்பி கைதானது போன்றவை எவ்வளவு முக்கியமானவையாக இருந்தாலும் நீதிமன்றம் அவற்றை ஏற்க முடியாது. அவற்றை அமைச்சரின் தலையீட்டைக் கோரும் கடிதத்தில் வைக்கலாம். மறுபடியும் பாதுகாப்பு விசாவுக்கு விண்ணப்பிப்பதைச் சட்டத்தின் 48A பிரிவு தடுக்கிறது. அந்தத் தடையை நீக்கும் அதிகாரம் 48B பிரிவின் கீழ் அமைச்சரிடம் உள்ளது. அதைப் பயன்படுத்தும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

கீழ்நீதிமன்றத்தில் சொல்லாத காரணத்தைப் பெடரல் நீதிமன்றத்தில் சொல்லலாமா?

அனுமதியோடு சொல்லலாம். அந்தக் காரணத்தில் தெளிவான சாரம் இருப்பதையும், முன்னர் ஏன் சொல்லவில்லை என்பதையும் காட்ட வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் தனியே நின்றவர் என்பது இங்கே ஓரளவு உதவும்.

விசாரணை நாளன்று என்னால் போக முடியவில்லை, வழக்குத் தள்ளுபடியாகிவிட்டது.

உடனே மேன்முறையீட்டுக்கு ஓட வேண்டாம். அதே நீதிமன்றத்தில் வழக்கை மீளச் சேர்க்கும்படி மனுச் செய்வதே முதல் வழி. நாட்களைக் கடத்தாமல், வராததற்கான காரணத்தையும் வழக்கின் சாரத்தையும் சேர்த்து எழுதுங்கள். முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் மாறினால் திணைக்களத்துக்குச் சொன்னதோடு விடாமல் நீதிமன்றப் பதிவகத்துக்கும் தனியாக அறிவிக்க வேண்டும். ஓர் அலுவலகத்துக்குச் சொன்னது மற்றதற்குப் போவதில்லை.

மனு நிலுவையில் இருக்கும்போது என்னை நாடுகடத்த முடியுமா?

நீதிமன்றத்தில் மனு இருப்பது தானாகவே ஒருவருக்கு விசா தருவதில்லை. நாடுகடத்தலையும் தானாகவே நிறுத்துவதில்லை. வழக்கு முடியும்வரை சட்டப்படி தங்க உதவும் தற்காலிக விசாவான பிரிட்ஜிங் விசாவைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். காலத்துக்குள் தாக்கல் செய்தவருக்கும் காலம் கடந்து செய்தவருக்கும் கிடைக்கக்கூடிய விசாவும் வேலை உரிமையும் வேறுபடலாம் என்பதால், மனுத் தாக்கல் செய்யும் அன்றே இதையும் வழக்கறிஞரிடம் கேளுங்கள். நாடுகடத்தும் நாள் குறிக்கப்பட்டுவிட்டால், அவசரத் தடையுத்தரவு கோரலாம். குயின்ஸ்லாந்தின் பிலோயீலா ஊரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு 2019 ஆகஸ்டில் மெல்பேணிலிருந்து புறப்பட்ட விமானம், நள்ளிரவில் தொலைபேசி வழியே பெறப்பட்ட தடையுத்தரவினால் டார்வினில் இறக்கப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். அந்த உத்தரவும் அதன்பின் இளைய மகளின் விண்ணப்பம் தொடர்பாகக் கிடைத்த தீர்ப்பும் குடும்பத்தை நாட்டுக்குள் வைத்திருந்தன. நிரந்தர விசா 2022 ஆகஸ்டில் அமைச்சரின் முடிவினால் வந்தது.

வழக்கறிஞர் கட்டாயமா? ஏன் பலர் என் வழக்கை எடுக்க மறுக்கிறார்கள்?

கட்டாயமில்லை; பலர் தாமே வாதாடுகிறார்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றமே ஏற்பாடு செய்யும். வழக்கறிஞர்கள் தயங்குவதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. வெல்வதற்கு நியாயமான வாய்ப்பு இருப்பதாக அவர்கள் எழுத்தில் சான்றளித்தே குடிவரவு வழக்கைத் தாக்கல் செய்ய முடியும். வாய்ப்பில்லாத வழக்கைத் தூண்டிவிடும் எவர் மீதும் செலவுத்தொகை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே ஒருவர் மறுத்தால், எந்தக் காரணத்தால் வாய்ப்பில்லை என்று கருதுகிறார் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தவரிடம் போகும்போது அது உதவும். பணம் வாங்கிக்கொண்டு, வேறொருவரின் வழக்கிலிருந்து காரணங்களை அப்படியே நகலெடுத்து, தன் பெயர் எங்கும் வராமல் மனு எழுதிக்கொடுப்பவர்களிடம் போகாதீர்கள். ஃபாஸ்ட் டிராக் வழக்குக்குப் பொருந்தாத சட்டப் பிரிவுகளைக் கொண்ட மனுவோடு நின்று, நீதிபதி கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு தகப்பன் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளில் இருந்த காரணங்களில் ஒன்றுகூட அவருடையதல்ல.

தோற்றால் செலவு?

பொதுவாக அமைச்சர் தரப்பின் செலவில் ஒரு தொகையைச் செலுத்தும்படி உத்தரவு வரும். அது அரசுக்கு நீங்கள் பட்ட கடனாகும். பிற்காலத்தில் வேறு விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது குறுக்கே நிற்கலாம். தவணை முறையில் செலுத்த ஒழுங்கு செய்துகொள்ள முடியும். தாக்கல் கட்டணத்துக்குப் பொருளாதார நெருக்கடியின் அடிப்படையில் சலுகை கோரலாம்.

என் பெயர் வெளியே தெரியுமா? இலங்கையில் யாராவது பார்த்துவிடுவார்களா?

பாதுகாப்பு விசா விண்ணப்பதாரரின் பெயரை நீதிமன்றம் வெளியிடக் கூடாது என்று சட்டத்தின் 91X பிரிவு சொல்கிறது. ஏ.பி.டி.17 போன்ற குறியீடுகள் அதனால்தான் வழங்கப்படுகின்றன. இறுதியிலுள்ள எண் வழக்குத் தொடரப்பட்ட ஆண்டைக் குறிக்கும். ஆனால் தீர்ப்பு இணையத்தில் வெளியாகும். ஊர், தொழில், சம்பவ நாள் ஆகியவை சேர்ந்து உங்களை அடையாளம் காட்டும் என்று அஞ்சினால், அதை விசாரணையிலேயே நீதிபதியிடம் சொல்லுங்கள்.

ஹைகோர்ட்டின் சிறப்பு அனுமதி கிடைக்குமா?

பெரும்பாலான மனுக்கள் நிராகரிக்கப்படுகின்றன, பலவும் நேரடி விசாரணையின்றி ஆவணங்களைப் பார்த்தே. பெடரல் நீதிமன்றத் தீர்ப்புக்குப்பின் 28 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்டக் கேள்வி, நீதிமன்றங்களுக்கிடையே கருத்து வேறுபாடு, நீதி நிருவாகத்தின் நலன் ஆகியவற்றை ஹைகோர்ட் பார்க்கும். உங்கள் வழக்கில் நடந்த தவறு பிறருடைய வழக்குகளையும் தொடுகிறது என்று காட்ட முடியாவிட்டால் வாய்ப்பு மிகக் குறைவு.

வென்றால் விசா கிடைத்துவிடுமா?

கிடைக்காது. முடிவு ரத்தாகி, வழக்கு மறுபடியும் தீர்ப்பாயத்துக்குப் போகும். ஐ.ஏ.ஏ. இப்போது இல்லாததால், அதன் பழைய வழக்குகளும் ஏ.ஆர்.டி.க்கே செல்கின்றன. நீதிமன்றத்தில் ஏற்க முடியாதென்று ஒதுக்கப்பட்ட புதிய ஆதாரங்களை முன்வைக்க இதுவே சமயம். ஆகவே வழக்கு நடக்கும் ஆண்டுகளில் ஊரிலிருந்து வரும் கடிதங்கள், மருத்துவ அறிக்கைகள், கைதுப் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றைத் திகதியிட்டு ஒரு கோப்பில் சேர்த்துவைத்துக்கொண்டே வாருங்கள். தீர்ப்பாயத்தின் அழைப்புக் கடிதம் வந்தபின் தேடத் தொடங்கினால் பாதி கிடைக்காது.